சர்வரின் ஐ.பி. முகவரி ஸ்பேம் தடுப்புப் பட்டியலில் இருக்கிறதா? கண்காணிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, சவ்வரிசி ஆலை, ஜவுளி ஏற்றுமதி என்று தொழில் செய்பவர்களும், ஏற்காட்டில் தங்கும் விடுதியோ காப்பித் தோட்டமோ நடத்துபவர்களும் இப்போது சொந்த டொமைன் பெயரில் மின்னஞ்சல் வைத்துக்கொள்கிறார்கள். அவர்களில் பலர் அதற்கென ஒரு வி.பி.எஸ். சர்வரையும் (பெரிய கணினி ஒன்றின் ஒரு பகுதியைத் தனி சர்வராகத் தரும் சேவை) வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். அந்த சர்வர்களைப் பராமரிப்பவர்களும் உரிமையாளர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான விடைகள் இவை.

தடுப்புப் பட்டியல் என்பது என்ன? அதை யார் நடத்துகிறார்கள்?

ஸ்பேம் அனுப்பியதாகவோ, வைரஸ் தொற்றியதாகவோ, நேரடியாக மின்னஞ்சல் அனுப்பத் தகுதியற்றதாகவோ கருதப்படும் ஐ.பி. முகவரிகளின் தொகுப்பே தடுப்புப் பட்டியல். வழக்கில் பிளாக்லிஸ்ட் என்கிறோம். இதை அரசு நடத்துவதில்லை, சட்டப்படியான அமைப்பு எதுவும் நடத்துவதில்லை. தனியார் அமைப்புகள் தொகுத்து, டொமைன் பெயருக்குரிய ஐ.பி. முகவரியைச் சொல்லும் டி.என்.எஸ். அமைப்பின் வழியாக வெளியிடுகின்றன. உங்கள் மின்னஞ்சலைப் பெறும் சர்வர், அதை ஏற்றுக்கொள்ளும் முன் அந்தப் பட்டியலைக் கேட்டுப் பார்த்து, ஏற்பதா மறுப்பதா என்று தானே முடிவு செய்கிறது. 1997-இல் பால் விக்ஸி தொடங்கிய பட்டியல்தான் இந்த முறைக்கு முன்னோடி. அடுத்த ஆண்டு ஸ்டீவ் லின்ஃபோர்டு தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் இன்று உலகில் மிக அதிகமாகப் பயன்படுத்தப்படும் பட்டியல்களில் ஒன்றாக இருக்கிறது.

ஆகவே, பட்டியலில் ஏறினால் உங்கள் மின்னஞ்சல் எல்லா இடங்களிலும் நின்றுவிடாது. அந்தப் பட்டியலை நம்பும் சர்வர்களில் மட்டுமே நிற்கும். ஒரு வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்து இன்னொருவருக்குப் போகாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். கோளாறு பல நாள் கண்ணில் படாமல் கிடப்பதும் இதனால்தான்.

மின்னஞ்சல் திரும்பி வந்தால்தான் தெரிந்துவிடுமே, தனியாகக் கண்காணிக்க வேண்டுமா?

வேண்டும். திரும்பி வரும் செய்தியில் 554 5.7.1 போன்ற எண்ணும் பட்டியலின் பெயரும் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அலுவலகத்தில் அந்த ஆங்கிலச் செய்தியைப் படிப்பவர் குறைவு. "ஏதோ எரர் வருது" என்று விட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். இன்வாய்ஸ், முன்பதிவு உறுதிச் சீட்டு போன்றவற்றைத் தானாக அனுப்பும் மென்பொருளாக இருந்தால், திரும்பி வருவது யாரும் திறக்காத பெட்டிக்குத்தான் போகும். சில சர்வர்கள் மறுத்து அனுப்பாமல், அமைதியாக ஸ்பேம் பெட்டியில் போட்டுவிடுகின்றன. அப்போது உங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

நவராத்திரி விரதத்துக்கு முன்பு வடமாநில வியாபாரிகள் சவ்வரிசி விலை கேட்கும் நாட்களில், ஆத்தூர் பக்கத்து ஆலை ஒன்றின் விலைப்பட்டியல் மின்னஞ்சல்கள் சென்று சேராமல் போயின. வியாபாரிகள் அதைக் கோளாறு என்று நினைக்கவில்லை. ஆலைக்காரர் விலை அனுப்பவில்லை என்று எடுத்துக்கொண்டு வேறு ஆலையில் வாங்கிவிட்டார்கள். ஏமாற்றமடைந்த வாடிக்கையாளர் புகார் சொல்வதில்லை என்பதால்தான் நாமே முந்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் சர்வர் பட்டியலில் இருக்கிறதா என்று எப்படிக் கேட்டுப் பார்ப்பது?

ஐ.பி. முகவரியின் நான்கு எண்களையும் பின்னிருந்து முன்னாகத் திருப்பி எழுதி, அதன் பின்னால் பட்டியலின் பெயரைச் சேர்த்து, சாதாரண டி.என்.எஸ். கேள்வியாகக் கேட்க வேண்டும். உங்கள் முகவரி 203.0.113.25 என்றால், 25.113.0.203.ஜென்.ஸ்பாம்ஹாஸ்.ஆர்க் என்ற பெயருக்கு ஏ ரெக்கார்டு (பெயருக்குரிய ஐ.பி. முகவரிப் பதிவு) உண்டா என்று லினக்ஸில் டிக் அல்லது ஹோஸ்ட் கட்டளையால் கேட்கலாம். கட்டளையில் பட்டியலின் பெயரை ஆங்கில எழுத்தில் தர வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தால் நீங்கள் பட்டியலில் இல்லை. 127-இல் தொடங்கும் ஒரு முகவரி பதிலாக வந்தால், அதன் கடைசி எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஸ்பாம்ஹாஸின் ஜென் பட்டியல் உண்மையில் பல பட்டியல்களின் சேர்க்கை. 127.0.0.2 என்றால் எஸ்.பி.எல்., அதாவது ஆட்கள் ஆராய்ந்து சேர்த்தது. 127.0.0.3 என்றால் சி.எஸ்.எஸ்., அதாவது மின்னஞ்சல் நடத்தையைப் பார்த்துத் தானியங்கியாகச் சேர்த்தது. 127.0.0.4 என்றால் எக்ஸ்.பி.எல்., பெரும்பாலும் வைரஸ் தொற்றிய கணினியையோ கைப்பற்றப்பட்ட சாதனத்தையோ குறிக்கும். 127.0.0.10, 127.0.0.11 என்றால் பி.பி.எல்.; இது குற்றச்சாட்டே இல்லை, கீழே விளக்கியிருக்கிறோம். "பட்டியலில் இருக்கிறது, இல்லை" என்று மட்டும் பதிவு செய்யும் கண்காணிப்பு இந்த வேறுபாட்டையெல்லாம் தொலைத்துவிடுகிறது. வந்த எண்ணையும், அதே பெயருக்கான டி.எக்ஸ்.டி. ரெக்கார்டையும் (எழுத்து வடிவில் உள்ள பதிவு) சேர்த்தே பதிவு செய்யுங்கள். பல பட்டியல்கள் காரணத்தையோ விவரப் பக்கத்தின் முகவரியையோ அந்த டி.எக்ஸ்.டி. ரெக்கார்டில் தருகின்றன.

கண்காணிப்பே சரியாக வேலை செய்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

2010-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 5782 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதற்கு வழி சொல்கிறது. ஒழுங்காக நடக்கும் எந்த ஐ.பி. பட்டியலிலும் 127.0.0.2 என்ற சோதனை முகவரி இருக்க வேண்டும், 127.0.0.1 இருக்கக் கூடாது. உங்கள் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் சொந்த ஐ.பி.யைக் கேட்பதற்கு முன் இவ்விரண்டையும் கேட்கட்டும். முதலாவது இல்லை என்றால் பட்டியல் உங்களுக்குப் பதில் தரவில்லை. இரண்டாவது இருக்கிறது என்றால் பட்டியல் எதைக் கேட்டாலும் ஆம் என்கிறது. இரண்டு நிலையிலும் வரும் விடையை நம்பக் கூடாது. இந்தச் சிறிய சோதனையைச் செய்யாமல் விட்ட கண்காணிப்பு, மாதக்கணக்கில் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே ஒன்றையும் பார்க்காமல் இருக்கக்கூடும்.

எங்கள் எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் பட்டியலில் ஏறிவிட்டதாகக் காட்டுகிறது. என்ன செய்வது?

பதறாமல் முதலில் பட்டியலைச் சந்தேகியுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சர்வர்கள் எல்லாம் ஒரே நிமிடத்தில் ஒரே பட்டியலில் ஏறினால், பெரும்பாலும் கோளாறு கேள்வியிலோ பட்டியலிலோதான் இருக்கும்.

மிகச் சாதாரணமான காரணம் டி.என்.எஸ். ரிசால்வர், அதாவது நம் டி.என்.எஸ். கேள்விக்கு விடை தேடித் தரும் சர்வர். 8.8.8.8, 1.1.1.1 போன்ற பொது ரிசால்வர்கள் வழியாக வரும் கேள்விகளுக்கு ஸ்பாம்ஹாஸ் உண்மையான விடை தருவதில்லை, 127.255.255.254 என்ற பிழை எண்ணைத் தருகிறது. அளவுக்கு மீறிக் கேட்டால் 127.255.255.255 வரும். பட்டியலின் பெயரைத் தவறாக எழுதினால் 127.255.255.252 வரும். 127-இல் தொடங்கினாலே பட்டியலில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட், இவற்றையும் ஸ்பேம் குற்றச்சாட்டாகக் காட்டிவிடும். சர்வரிலேயே அன்பவுண்டு போன்ற சொந்த ரிசால்வரை நிறுவி, அது யாருக்கும் முன்னனுப்பாமல் நேராகக் கேட்கும்படி அமைப்பது சரியான தீர்வு. இல்லையென்றால், ஸ்பாம்ஹாஸிடம் பதிவு செய்து தனிச் சாவியுடன் கேட்கும் டி.க்யூ.எஸ். சேவையைப் பயன்படுத்தலாம், சிறிய அளவிலான பயன்பாட்டுக்கு அது இலவசம்.

பட்டியலே கெட்டுப்போன நிகழ்வுகளும் உண்டு. ஓ.ஆர்.டி.பி. என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. மூடிய பிறகும் பலர் அதையே கேட்டுக்கொண்டிருந்ததால், 2008 மார்ச்சில் எந்த முகவரியைக் கேட்டாலும் "இருக்கிறது" என்று பதில் தரத் தொடங்கியது. அதை நம்பியிருந்த சர்வர்கள் வந்த மின்னஞ்சல் அனைத்தையும் மறுத்தன. 2021 ஜனவரி இறுதியில் ஸ்பாம்காப்பின் டொமைன் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி, அதே விளைவு மீண்டும் நேர்ந்தது. அப்போது பதிலாக வந்தது 127-இல் தொடங்காத ஒரு முகவரி என்பதால், விடையின் வடிவத்தைச் சரிபார்த்த சர்வர்கள் தப்பித்தன. நீண்ட காலம் பயன்பாட்டில் இருந்த சோர்ப்ஸ் 2024 ஜூனில் நிறுத்தப்பட்டது. எனவே ஆண்டுக்கு ஒருமுறையாவது உங்கள் பட்டியல் வரிசையை எடுத்து, எது உயிரோடு இருக்கிறது, எது மூடப்பட்டது என்று பார்த்து நீக்குங்கள்.

எந்தெந்தப் பட்டியல்களைக் கண்காணிக்க வேண்டும்?

எம்.எக்ஸ்.டூல்பாக்ஸ் போன்ற தளங்களில் நீண்ட வரிசையைப் பார்த்துவிட்டு, அத்தனையையும் கண்காணிக்கக் கேட்பவர்கள் உண்டு. நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஸ்பாம்ஹாஸ் ஜென், பராகுடா, ஸ்பாம்காப், பி.எஸ்.பி.எல். ஆகிய நான்கும் சிறு நிறுவனத்துக்குப் போதும். பராகுடாவைக் கேட்க, கேட்கும் சர்வரின் ஐ.பி.யை முன்கூட்டியே அவர்களிடம் இலவசமாகப் பதிவு செய்ய வேண்டும். யாரும் பயன்படுத்தாத பட்டியலில் ஏறுவதால் ஒரு மின்னஞ்சலும் நிற்பதில்லை, ஆனால் அதற்கும் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தால், உண்மையான எச்சரிக்கை வரும் நாளில் அதை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

யூ.சி.இ.புரொடெக்ட் என்ற பட்டியலைப் பற்றித் தனியாகக் கேட்கிறார்கள். அதன் முதல் நிலை தனித்தனி முகவரிகளைப் பட்டியலிடுகிறது. மூன்றாம் நிலை, சர்வர் இருக்கும் நெட்வொர்க்கையே முழுதாகப் பட்டியலிடுகிறது, பெரிய வி.பி.எஸ். நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் தங்கள் தவறு ஏதுமின்றி அதில் இருப்பார்கள். உங்கள் சர்வரில் செய்து திருத்தக்கூடியது எதுவும் அங்கே இல்லை. முதல் நிலையை வேண்டுமானால் பாருங்கள், மூன்றாவதை எச்சரிக்கையில் சேர்க்காதீர்கள்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பது?

மணிக்கு ஒருமுறை போதுமானது. ஒரே ஒரு விடையை வைத்து எச்சரிக்கை அனுப்பாமல், சில நிமிடம் கழித்து மறுபடி கேட்டு உறுதியான பிறகு அனுப்புங்கள்.

எச்சரிக்கை எங்கே வர வேண்டும்?

கண்காணிக்கப்படும் அதே சர்வர் வழியாக வரும் மின்னஞ்சலாக மட்டும் இருக்கவே கூடாது; அது பட்டியலில் ஏறிய நாளில் எச்சரிக்கையும் சேர்ந்து நின்றுவிடும். டெலிகிராம், எஸ்.எம்.எஸ். அல்லது வேறு நிறுவனத்தின் மின்னஞ்சல் என்று தனி வழி வையுங்கள். நாகியோஸ், சாபிக்ஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருள்கள் ஏற்கெனவே இருந்தால் அவற்றிலேயே இதைச் சேர்க்கலாம். இல்லாவிட்டால், குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் க்ரானில் ஓடும் சிறிய ஷெல் ஸ்கிரிப்டே போதும், ஆனால் அது வேறு சர்வரில் ஓடுவது நல்லது.

ஏற்காட்டில் விடுதி நடத்துகிறோம். எங்கள் பிராட்பேண்டு ஐ.பி. பட்டியலில் இருப்பதாகக் காட்டுகிறது. நாங்கள் ஸ்பேம் எதுவும் அனுப்பவில்லையே?

வந்த எண் 127.0.0.10 அல்லது 127.0.0.11 என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. பி.பி.எல். என்பது வீட்டு, அலுவலக இணைப்புகளுக்கான முகவரிகளின் பட்டியல். இவை நேரடியாகப் பிற மெயில் சர்வர்களுக்கு அனுப்பக் கூடாது, தங்கள் மெயில் சர்வர் வழியாகவே அனுப்ப வேண்டும் என்பதுதான் அதன் பொருள். வரவேற்பறைக் கணினி போர்ட் 587 வழியாக, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உங்கள் மெயில் சர்வரிடம் ஒப்படைக்கிறது என்றால், வெளியுலகம் பார்ப்பது அந்த சர்வரின் ஐ.பி.யைத்தான். கண்காணிக்க வேண்டியதும் அதையே.

எண் 127.0.0.4 என்றால் விஷயம் வேறு. மே மாதக் கோடை விழா நாட்களில் விருந்தினர்களின் கைபேசிகளும் மடிக்கணினிகளும் விடுதியின் ஒரே இணைப்பில்தான் தொங்குகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் அத்தனைக்கும் ஒரே ஐ.பி. அவற்றில் ஒன்றில் வைரஸ் இருந்தாலும் விடுதியின் ஐ.பி. எக்ஸ்.பி.எல்.லில் ஏறிவிடும். விருந்தினர் வைஃபையை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, விருந்தினர் பக்கத்திலிருந்து போர்ட் 25 (மெயில் சர்வர்கள் தமக்குள் மின்னஞ்சல் அனுப்பும் வழி) வெளியே போகாதபடி ரூட்டரில் அடைத்துவிடுங்கள். யாருடைய கைபேசிக்கும் போர்ட் 25 தேவைப்படாது. விருந்தினருக்கு எந்தக் குறையும் தெரியாது. மலைப்பகுதி இணைப்புகளில் ஒரே பொது ஐ.பி.யைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கவும் கூடும். அப்போது தவறு பக்கத்து விடுதியினுடையதாகவும் இருக்கலாம், அதை இணைப்பு தரும் நிறுவனம்தான் சரிசெய்ய முடியும்.

பட்டியலில் ஏறியதன் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த வேலையில் மிகுந்த நேரம் இங்கேதான் செலவாக வேண்டும். முதலில், சர்வரில் அனுப்பக் காத்திருக்கும் மின்னஞ்சல் வரிசையைப் பாருங்கள். வழக்கமாகக் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் இருப்பது ஆயிரக்கணக்கில் பெருத்திருந்தால், இப்போதும் ஸ்பேம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நொடியே வெளியே அனுப்புவதை நிறுத்தி வையுங்கள், ஆனால் வரிசையை அழிக்காதீர்கள். ஆதாரம் அதில்தான் இருக்கிறது.

அடுத்து, உங்கள் மெயில் சர்வர் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ் என்றால், அதன் செயல்பாட்டுப் பதிவான மெயில் லாக்கில் சாஸ்ல்_யூசர்நேம் என்ற சொல் வரும் வரிகளை எடுத்து, எந்தக் கணக்கு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். மேலே சொன்ன ஆலையில் கணக்காளரின் பெயர் மற்ற எல்லாரையும் விடப் பல மடங்கு அதிகமாக வந்தது. அந்த வரிகளில் இருந்த உள்நுழைவு ஐ.பி.கள் வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்தவை. பாஸ்வேர்டு, ஆலையின் பெயரோடு 123 சேர்த்தது. பாஸ்வேர்டை மாற்றியதும் வேலை முடிந்ததென்று நினைக்கக் கூடாது. ஏற்கெனவே திறந்திருக்கும் தொடர்புகள் அதன் பிறகும் அனுப்பிக்கொண்டிருக்கலாம். மெயில் சேவையை மறுதொடக்கம் செய்து, அந்தக் கணக்கின் பெயரில் வரிசையில் நிற்பவற்றை நீக்கி, அதன் பிறகே அனுப்புவதைத் திறக்க வேண்டும். அந்தக் கணக்கில் யாராவது முன்னனுப்பும் விதியை ஒளித்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

எந்தக் கணக்கும் தனித்துத் தெரியவில்லை என்றால் இணையதளத்தின் பக்கம் திரும்ப வேண்டும். வரிசையில் இருக்கும் ஒரு ஸ்பேமைத் திறந்து, தலைப்பகுதியில் எக்ஸ்-பி.எச்.பி.-ஒரிஜினேட்டிங்-ஸ்கிரிப்ட் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள், பி.எச்.பி. அமைப்பில் அது இயக்கப்பட்டிருந்தால், அனுப்பிய கோப்பின் பெயர் அங்கே இருக்கும். வேர்டுபிரஸ் தளத்தின் அப்லோட்ஸ் கோப்பகத்தில் பி.எச்.பி. கோப்பு ஒன்று உட்கார்ந்திருந்தால் அதுதான் குற்றவாளியாக இருக்கும், ஏனென்றால் படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு வேலை இல்லை. அந்தக் கோப்பை மட்டும் அழித்தால் மறுநாள் வேறு பெயரில் வந்துவிடும். பழைய பிளகின் வழியாக உள்ளே வந்த ஓட்டையை அடைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் லாக் இருந்தாக வேண்டும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட ஆணை, லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்கச் சொல்கிறது. ஒரே வாரத்தில் அழியும்படி அமைத்துவிட்டு, பிறகு காரணம் தேடுவது வீண்.

பட்டியலிலிருந்து நீக்கக் கோருவது எப்படி?

காரணத்தைச் சரிசெய்த பிறகு, அந்தந்தப் பட்டியலின் தளத்தில். ஸ்பாம்காப்பில் விண்ணப்பமே தேவையில்லை; புதிய புகார் வராவிட்டால் 24 மணி நேரத்துக்குள் தானாக நீங்கிவிடும். ஸ்பாம்ஹாஸின் சி.எஸ்.எஸ்., எக்ஸ்.பி.எல். ஆகியவற்றிலிருந்து நீங்கள் நேரடியாகக் கோரலாம். எஸ்.பி.எல். என்றால் ஐ.பி.யைக் கொடுத்த நிறுவனம்தான் பேச வேண்டும், எனவே அவர்களிடம் டிக்கெட் போடுங்கள். விண்ணப்பத்தில் "எங்கள் நிறுவனம் நாணயமானது" என்று எழுதுவதால் பயனில்லை. எந்தக் கணக்கு கைப்பற்றப்பட்டது, எப்போது அடைத்தீர்கள், இனி வராமலிருக்க என்ன செய்தீர்கள் என்று மூன்று வரியில் எழுதினால் போதும். திருத்தாமலே திரும்பத் திரும்பக் கோரினால், அடுத்தடுத்த முறை நீக்குவது கடினமாகும்.

நீக்குவதற்குப் பணம் கேட்கிறார்களே?

ஸ்பாம்ஹாஸ், ஸ்பாம்காப், பராகுடா எதுவும் நீக்குவதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. யூ.சி.இ.புரொடெக்ட் விரைவாக நீக்கப் பணம் கேட்கும். கொடுக்காவிட்டாலும், புதிதாக ஸ்பேம் வராத நிலையில் முதல் நிலைப் பதிவு 7 நாட்களில் தானாக நீங்கிவிடும். காத்திருங்கள்.

ஐ.பி.யை மாற்றிவிட்டால் முடிந்துவிடாதா?

காரணம் சர்வரில் இருக்கும்வரை புதிய ஐ.பி.யும் பட்டியலில் ஏறும். சுத்தமான சர்வராகவே இருந்தாலும், புதிய ஐ.பி.க்கு அனுப்புநர் என்ற நற்பெயர் இன்னும் உருவாகியிருக்காது. முதல் சில வாரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அளவைக் கூட்ட வேண்டும். முந்தைய வாடிக்கையாளர் கெடுத்துவைத்த ஐ.பி. உங்களுக்குக் கிடைக்கவும் கூடும். அதனால் புதிய வி.பி.எஸ். எடுத்த முதல் வேலையாக அதன் ஐ.பி.யைச் சோதியுங்கள், மோசமாக இருந்தால், எதையும் நிறுவுவதற்கு முன்பே மாற்றித் தரக் கேளுங்கள்.

ஐ.பி.வி6 முகவரியையும் கண்காணிக்க வேண்டுமா?

சர்வர் ஐ.பி.வி6 வழியாக மின்னஞ்சல் அனுப்பினால், ஆம். 32 பதினறும எண்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, இடையில் புள்ளி வைத்துக் கேட்க வேண்டும். பி.டி.ஆர். ரெக்கார்டு (ஐ.பி.க்குரிய பெயரைக் காட்டும் பதிவு) வைக்க முடியாத நிலையில் ஐ.பி.வி6 வழியே அனுப்புவதை நிறுத்திவிடுவதே நல்லது, ஏனென்றால் ஜிமெயில் அத்தகைய மின்னஞ்சலை மறுத்துவிடும்.

ஐ.பி. எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனாலும் ஜிமெயிலில் ஸ்பேமுக்குப் போகிறது. ஏன்?

பொதுப் பட்டியலில் இல்லாதிருப்பது நுழைவுத் தகுதி மட்டுமே. கூகுளும் மைக்ரோசாஃப்டும் பெரும்பாலும் தங்கள் சொந்தக் கணக்கை வைத்தே அனுப்புநரை மதிப்பிடுகின்றன. அந்த மதிப்பீட்டை டி.என்.எஸ். கேள்வியால் பார்க்க முடியாது. கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸிலும், மைக்ரோசாஃப்டின் எஸ்.என்.டி.எஸ்.ஸிலும் பதிவு செய்தால் அதற்கான சில அறிகுறிகளைப் பார்க்கலாம். ஐ.பி. மட்டுமன்றி உங்கள் டொமைன் பெயரும் ஸ்பாம்ஹாஸின் டி.பி.எல். போன்ற டொமைன் பட்டியல்களில் ஏறக்கூடும் என்பதால் அதையும் கண்காணிப்பில் சேருங்கள்.

அதோடு, மின்னஞ்சல் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்க உதவும் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளும் சரியாக இருக்க வேண்டும். ஐ.பி.யின் பி.டி.ஆர். ரெக்கார்டு காட்டும் பெயர் திரும்ப அதே ஐ.பி.யைக் காட்ட வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து, ஒரு நாளில் 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர்களுக்கு எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியது; ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்றும் சொன்னது. தீபாவளித் தள்ளுபடி அறிவிப்பைப் பழைய முகவரிப் பட்டியல் முழுவதற்கும் ஒரே இரவில் அனுப்பும் கொலுசுக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் இந்த விகிதம்தான் முதலில் உடையும். அத்தகைய அறிவிப்புகளை இன்வாய்ஸ் போகும் ஐ.பி.யிலிருந்து பிரித்து, வேறு துணை டொமைனிலும் வேறு ஐ.பி.யிலும் அனுப்புங்கள், இரண்டு ஐ.பி.களையும் தனித்தனியாகக் கண்காணியுங்கள்.